ஞாயிற்றுக்கிழமை அரை கிளாஸ்

கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் சரியாகச் சாப்பிட மாட்டாள். மற்ற நாட்களில் வெறும் ரசம் சோற்றைக்கூட ருசித்துச் சாப்பிடுகிறவள், ஞாயிறு பூசை முடிந்து வந்து மீன் குழம்பு வைப்பாள், எனக்கும் அம்மாவுக்கும் பரிமாறுவாள், தன் தட்டில் இரண்டு வாய் கிளறிவிட்டு எழுந்துவிடுவாள். ஏரிக் கெண்டையில் முள் ஜாஸ்தி, கடல் மீன் தின்று வளர்ந்தவளுக்கு இறங்கவில்லை என்று அம்மா நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அம்மா ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டேன்.

"மீன் பிடிக்கலன்னா சொல்லு. வேற எதனா வாங்கியாறேன்."

"மீன் நல்லாத்தாங்க இருக்குது." கொஞ்சம் தயங்கினாள். "எங்க வீட்டுல ஞாயித்துக்கெழம மீனோட அரை கிளாஸ் வெள்ளை ஒயின் குடிப்போம். அப்பா ஊத்துவாரு. அது இல்லாம வாய் சப்புனு இருக்குது. போகப் போகப் பழகிடும், விடுங்க."

குழம்பில் உப்பு கம்மி என்று சொல்வதுபோலச் சொன்னாள். எனக்குத்தான் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகவில்லை.

அவள் பாண்டிச்சேரிப் பெண். பாண்டிச்சேரி வெள்ளைக்காரன் கையைவிட்டு வந்து கொஞ்ச நாளில்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்து பென்ஷன் வாங்குகிறவர். நாங்களும் அவர்களும் ஒரே வேதம், கிறிஸ்தவர்கள். அதனால்தான் சம்பந்தம் கூடியது. ஆனால் எனக்குத் தெரிந்த ஒரே ஒயின், பூசையில் சாமியார் பாத்திரத்தில் ஊற்றுகிற திராட்சை ரசம். அதைச் சோற்றோடு குடிப்பார்கள் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

எங்கள் வீட்டில் குடி என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம். என் அப்பா குடித்தே போனவர். அம்மாவின் கம்மல், வெண்கலப் பானை, கடைசியில் தையல் மிஷின் எல்லாம் அந்த வழியில் போயின. சாப்பாட்டு நேரத்தில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டால் நான் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவேன். தட்டு பறக்கும் என்று தெரியும். மதுவிலக்கு வந்து எங்கள் ஜில்லாவில் கடைகளை மூடியபோது அம்மா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்து, "கொஞ்சம் முன்னாடியே மூடியிருக்கக் கூடாதா?" என்று அழுதாள். அப்பா அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார். அப்படிப்பட்ட வீட்டுக்கு மருமகளாக வந்த பெண், அரை கிளாஸ் இல்லாமல் வாய் சப்பென்று இருக்கிறது என்கிறாள்.

அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. மனைவியிடம் கோபப்படவும் தோன்றவில்லை. அவள் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை.

அடுத்த மாதம் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போனோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாக பஸ். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மாமியார் கொடுவா மீனை வறுத்துக்கொண்டிருந்தார். மேஜை போட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்து, எல்லாரும் சுற்றி உட்கார்ந்தோம். மாமனார் ஒரு பாட்டிலைத் திறந்தார். வெந்தயம் ஊறிய தண்ணீர் மாதிரி ஒரு நிறம். தனக்கு, மாமியாருக்கு, மகளுக்கு என்று மூன்று கிளாஸில் பாதிப் பாதி ஊற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"வேணாம் மாமா."

"சரிங்க மாப்ள" என்று தக்கையைத் திருகி மூடிவிட்டார். வற்புறுத்தவில்லை, கேலி செய்யவில்லை.

என் மனைவி மீனில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். ஒரு துண்டு மீன், ஒரு வாய் ஒயின், பிறகு பேச்சு. சின்ன வயதில் கடற்கரையில் தொலைந்துபோன கதையைச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் சாப்பிட்டுக்கொண்டே எதற்கோ காத்திருந்தேன். யாராவது குரலை உயர்த்த வேண்டும், ஏதாவது ஒன்று உடைய வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் மாமனார் கிளாஸ்களைத் தானே கழுவித் துணிமேல் கவிழ்த்துவைத்தார். பாட்டிலில் பாதிக்குமேல் மிச்சமிருந்தது. அதை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். எனக்கு அதுதான் ஆச்சரியம். பாட்டிலில் மிச்சம் இருக்கும்போதே ஒருவர் எழுந்து போக முடியும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் அந்த சுகம் அவர்களுக்கும் நீடிக்கவில்லை. முன்பெல்லாம் ஒயின் கப்பலில் வந்து இறங்கும், மலிவாகக் கிடைக்கும். இப்போது வரி. கடைகளில் இருந்த பழைய சரக்கு தீரத் தீர விலை ஏறிக்கொண்டே போயிற்று. அடுத்தடுத்து நாங்கள் போனபோது அரை கிளாஸ் கால் கிளாஸ் ஆயிற்று. ஒரு தடவை மேஜையில் தண்ணீர்க் கூஜாதான் இருந்தது. மனைவி அதைப் பார்த்துவிட்டு மீனைத் தட்டில் எடுத்துக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள்.

செஞ்சிக் கோட்டை தெரிகிற இடத்தில் நான் சொன்னேன்: "வெல கம்மியா நல்லதா ஒண்ணு கெடைக்காமலா போயிடும்? தேடிப் பாப்போம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். "நீங்களா?"

"நான்தான்."

நான் அப்போது திருவண்ணாமலையில் ஒரு மல்லாட்டை மண்டியில் குமாஸ்தா. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து வண்டி வண்டியாக மூட்டை வந்து இறங்கும். எடை பார்ப்பதும் தரம் பார்ப்பதும் என் வேலை. அங்கே கூட வேலை செய்த ஒருவரிடம் வாய் தவறி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "இதுக்கா இவ்ளோ யோசனை? பாண்டிலேர்ந்து வர்ற லாரில மூட்டைக்கடியில ரெண்டு பாட்டில் வெச்சி அனுப்பச் சொல்றேன். எவனுக்குத் தெரியும்?" என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"வேணாங்க. அத்தைக்குத் தெரியாம, போலீசுக்குத் தெரியாம, கதவச் சாத்திக்கினு குடிக்கிறதா? அப்பிடிக் குடிச்சா அது வேற. எங்க வீட்டுல நாங்க குடிச்சது அது இல்ல."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. குடிப்பதானால் மதுவிலக்கு இல்லாத பாண்டிச்சேரியில், மேஜையில், எல்லார் முன்னாலும் என்று முடிவாயிற்று. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போவோம். போகிற ஒவ்வொரு தடவையும் விலை குறைவாக ஒரே ஒரு பாட்டில் வாங்குவது, பிடித்தால் அதையே தொடர்வது, பிடிக்காவிட்டால் அடுத்த தடவை வேறொன்று.

மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு கடை. கடைக்காரரிடம் "இருக்கறதுலயே வெல கம்மியான வெள்ளை குடுங்க" என்று கேட்க முதல் தடவை எனக்கு நாக்குக் குழறியது. தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைப் பார்த்தேன். பாண்டிச்சேரியில் என்னை யாருக்குத் தெரியும்?

முதல் பாட்டில் மாங்காய்ப் புளிப்பு. மாமியார் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை இடுக்கிக்கொண்டார். இரண்டாவது பாட்டில் இருமல் மருந்து மாதிரி இனித்தது, மீனோடு சேரவே இல்லை. இன்னொன்று கடை ஜன்னலில் வெயில் பட்டுப் பட்டுப் புளித்துக் காடியாகிவிட்டிருந்தது. ஒரே ஒரு பாட்டில் நன்றாக இருந்தது. மனைவி கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். அதன் வாசனை எதிரே இருந்த என்வரை வந்தது. அடுத்த தடவை போனபோது கடைக்காரர், அதுதான் கடைசிப் பெட்டி, இனி வந்தால் இரண்டு மடங்கு என்றார்.

இந்தத் தேடலில் ஒரு கோளாறு இருந்தது. வாங்குகிறவன் நான், ருசி பார்க்கிறவர்கள் அவர்கள். அவர்கள் சொல்வது எனக்குப் புரிவதில்லை. புளிப்பு இருக்கணும், ஆனால் புளிக்கக் கூடாது என்பார் மாமனார். நான் தலையாட்டுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி கிளாஸை மூக்கருகே கொண்டுபோனவள் கீழே வைத்துவிட்டாள்.

"என்னவோ வாடை அடிக்குதுங்க. என்னான்னு சொல்லத் தெரியல."

"இங்க குடு" என்று வாங்கி முகர்ந்தேன். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மழையில் நனைந்து, காயாமல் அடுக்கிவைத்த கோணிப்பையின் வாடை. மண்டியில் தினமும் முகர்கிற வாடை. "நனைஞ்ச கோணி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். "அதேதான்! அதேதான்!" என்று மாமனார் மேஜையைத் தட்டினார்.

கிளாஸ் என் கையிலேயே இருந்தது. வாடை மட்டும்தானா, ருசியிலும் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். சிரிப்பு அடங்கி எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. அவருடைய நாக்குதானே எனக்கும், ஒரு வாய் பட்டால் என்ன ஆகுமோ என்ற பயம் சின்ன வயதிலிருந்து உள்ளே கிடந்தது. மனைவி மெதுவாக, "வேணாம்னா வெச்சிடுங்க" என்றாள்.

ஒரு வாய் குடித்தேன். கசப்பு, புளிப்பு, பின்னால் கோணி. நன்றாகவே இல்லை. கிளாஸைக் கீழே வைத்தேன். சுலபமாகக் கீழே வைக்க முடிந்தது. அந்த நிம்மதியில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு நானும் மேஜையில் ஒருவனானேன். ஆனால் நல்ல ஒயின்தான் கிடைக்கவில்லை. இருக்கிற கடையெல்லாம் பார்த்தாயிற்று. நல்லது கைக்கு எட்டவில்லை, எட்டியது நல்லதாக இல்லை.

வழி கிடைத்தது பாண்டிச்சேரியில் அல்ல, திருவண்ணாமலையில்தான்.

எங்கள் மண்டிக்கு எதிரே ஒரு டீக்கடை. பெங்களூர், கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து பாண்டிச்சேரிக்குப் போகிற லாரிகள் அங்கே நிற்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடைக் காலையில் டீ குடிக்கப் போனபோது ஒரு லாரியிலிருந்து தெருவில் சாறு சொட்டிக்கொண்டிருந்தது. ஈ மொய்த்தது. டிரைவர் தலையில் கைவைத்து நின்றிருந்தார்.

"என்னாங்க லோடு?"

"பச்சைத் திராட்சைங்க. செங்கம் ரோட்டுல ஒரு பள்ளம், அடிக்கூடை எல்லாம் நசுங்கிடுச்சி. பாண்டில கொண்டுபோய்க் குடுத்தா தூக்கி வீசுவான்."

கிட்டப் போனேன். கூடையிலிருந்து வந்த வாசனை எனக்குப் பழகிய வாசனையாக இருந்தது. கண்ணை மூடிக் குடித்தாளே என் மனைவி, அந்தப் பாட்டிலின் வாசனை. தேனும் பச்சைப் புல்லும் கலந்த மாதிரி. சட்டென்று கேட்டேன்: "நசுங்கினத மட்டும் பாண்டில ஒரு வீட்டுல எறக்க முடியுங்களா? தூக்கி வீசற பழத்துக்கு என்னா வெல சொல்றீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். டீக்காசும் சேர்த்து ஒரு தொகை பேசிக்கொண்டோம். வீட்டுக்கு ஓடி விஷயத்தைச் சொன்னேன். மனைவி அன்றைக்கே மத்தியான பஸ்ஸில் தன் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். "மாமியாருக்கு ஒடம்பு சரியில்லியாப்பா?" என்று அம்மா கேட்டாள். "ஒடம்புக்கு ஒண்ணுமில்லம்மா. பழம் வந்திருக்குது, ஜாடில போடணுமாம்" என்றேன். ஊறுகாய் என்று அம்மா எடுத்துக்கொண்டாள்.

மாமியார் கிறிஸ்துமஸுக்குக் கறுப்புத் திராட்சையில் சர்க்கரையும் கிராம்பும் போட்டு ஒயின் செய்கிறவர்தான். ஆனால் அது தோலோடு ஊறிச் சிவப்பாக, தித்திப்பாக இருக்கும். வெள்ளைக்குப் பிழிந்த சாறு மட்டும்தான் வேண்டும், தோலைச் சேர்க்கக் கூடாது என்று மாமனார் சொன்னார். பட்டாளத்தில் இருந்தபோது பிரான்சில் ஒரு கிராமத்தில் பார்த்தாராம். நசுங்கியதில் அழுகியதைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, மீதியை மஸ்லின் துணியில் கட்டிப் பிழிந்து, ஜாடியில் ஊற்றி, துணியால் வாய் கட்டிவைத்தார்கள்.

அந்த முதல் ஜாடி அப்படியே காடியாகிவிட்டது. மாமியார் அதில் மீனை ஊறப் போட்டார். எனக்கு ஒரு வாரம் மண்டியில் வேலையே ஓடவில்லை.

"காத்து போயிடுச்சிங்க உள்ள" என்றாள் மனைவி. "உள்ள இருக்கற காத்து வெளிய போவணும், வெளிக்காத்து உள்ள வரக் கூடாது. அதுக்கு எதனா செய்யணும்."

மறு வருஷக் கோடைக்குள் அதற்கு ஒரு ஏற்பாடு செய்தோம். சைக்கிள் கடையில் மெல்லிய ரப்பர் குழாய் ஒரு முழம் வாங்கினேன். பெரிய கண்ணாடி ஜாடியின் தக்கையில் ஓட்டை போட்டு, குழாயின் ஒரு முனையை அதில் சொருகி, மெழுகால் அடைத்து, மறுமுனையைத் தண்ணீர் இருக்கிற பாட்டிலில் விட்டோம். பாண்டிச்சேரி வீட்டுக் கிணற்றடி அறையில் ஈரமணல் பரப்பி, அந்தக் கோடையில் லாரியில் வந்த நசுங்கிய பழத்தின் சாற்றை ஊற்றிய ஜாடியை அதன்மேல் வைத்தோம். மறுநாள் காலையில் தண்ணீரில் குமிழ் குமிழாக வர ஆரம்பித்தது. மனைவியும் நானும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அதன்முன் குந்திக்கொண்டு பார்த்தோம்.

அந்த வருஷம்தான் அவள் உண்டானாள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. ஊரில் கேட்காத கேள்வி இல்லை, போகாத வைத்தியர் இல்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு போனாள். பெண் குழந்தை. ஞானஸ்நானத்துக்கு நான் அம்மாவை அழைத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனேன்.

கோயிலில் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்றி முடிந்து, வீட்டில் மேஜை போட்டார்கள். மாமனார் கிணற்றடி அறையிலிருந்து ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். நாங்கள் வைத்த ஜாடியிலிருந்து வடித்தது. வெளிச்சத்தில் இளம் பொன்னிறமாக இருந்தது. அவர் என் அம்மாவைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். அவருக்கு எங்கள் வீட்டுக் கதை தெரியும். பாட்டிலைத் திரும்பக் கொண்டுபோகலாமா என்று என்னிடம் கண்ணாலேயே கேட்டார்.

மறைக்க வேண்டாம் என்று தோன்றியது.

"ம்மா" என்றேன். "இது திராட்சை ஒயின். இவங்க வீட்டுல சோத்தோட அரை கிளாஸ் குடிப்பாங்க. நானும் இங்க வந்தா குடிப்பேன். இது நாங்களே செஞ்சது. நீ வேணாம்னா இப்பவே வெச்சிடறேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு பாட்டிலைப் பார்த்தாள். எழுந்து கூடத்துக்குப் போய்த் தூளியில் இருந்த குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா குழந்தையோடு திரும்பி வந்து என் எதிரிலேயே உட்கார்ந்தாள்.

"ஊத்துங்க சம்பந்தி" என்றாள். "நான் பாக்கணும்."

மாமனார் ஊற்றினார். நான் குடித்தேன். மனைவியும் குடித்தாள். அம்மா அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒயின் நன்றாக இருந்தது. கடையில் வாங்கிய எதையும்விட நன்றாக இருந்தது. லேசான புளிப்பு, அதன் பின்னால் அந்தத் தேன் வாசனை. வறுத்த வஞ்சிரத்தோடு அது எப்படிச் சேர்ந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவின் பார்வைக்கு முன்னால்கூட நான் அதை ரசித்தேன். மனைவி இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்து, கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு வந்தேன்.

"அவ்ளோதானா?" என்றாள் அம்மா.

"அவ்ளோதாம்மா."

"பாட்டில்ல இருக்குதே."

"அது அடுத்த ஞாயித்துக்கெழமைக்கு."

அன்று சாயங்காலம் அம்மாவும் நானும் பஸ்ஸில் திரும்பினோம். மலை தெரிய ஆரம்பித்தபோது அம்மா அப்பாவைப் பற்றிப் பேசினாள். அவர் போனபிறகு அம்மா தானாக அவர் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. கல்யாணமான புதிதில் சந்தையிலிருந்து வரும்போது அவளுக்கென்று மடியில் கொய்யாப்பழம் கட்டிக்கொண்டு வருவாராம்.

"உங்கப்பாவையும் யாராச்சும் சோத்து முன்னாடி ஒக்கார வெச்சி, இந்த மாதிரி அரை கிளாஸ் ஊத்தியிருந்தா..." என்று ஆரம்பித்தவள் தலையை ஆட்டினாள். "ம்ஹூம். அவரு நிறுத்தியிருக்க மாட்டாரு. மீதி பாட்டிலையும் கேட்டிருப்பாரு." கொஞ்சம் பொறுத்து, என் கைமேல் கையை வைத்தாள். "நீ நிறுத்தின. என் கண்ணால பாத்தேன். போதும்."

அதற்குப் பிறகு நாங்கள் எந்தக் கடைக்கும் போகவில்லை. ஒவ்வொரு கோடையிலும் நசுங்கிய திராட்சை பாண்டிச்சேரி வீட்டில் இறங்கியது. ஒரு வருஷம் நன்றாக வரும், ஒரு வருஷம் சுமாராக வரும். ஒரு வருஷம் லாரிகளே வராமல் ஜாடி காலியாகக் கிடந்தது. என் சம்பளத்துக்கு அது பாரமாக இருந்ததே இல்லை. திருவண்ணாமலையில் என் மனைவி ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பை ஒயின் இல்லாமலே சாப்பிடப் பழகிக்கொண்டாள். சாத்தனூர் அணை மீன் வர ஆரம்பித்ததும் அதற்கு ஒரு காரணம். பாண்டிச்சேரி மேஜை காத்திருக்கிறது என்று தெரிந்தது இன்னொரு காரணம் என்று அவளே சொல்வாள்.

அம்மா கடைசிவரை அதை ருசி பார்க்கவில்லை. ஆனால் ஒரு கோடையில் நான் மண்டிக்குக் கிளம்பும்போது பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை வந்தாள்.

"ஏம்பா, அந்தக் கிருஷ்ணகிரி லாரி இன்னும் வரலியா?"

"இன்னும் வரலம்மா."

"வந்தா ஒரு கூடைய இங்க எறக்கச் சொல்லு. போன தடவ அழுகினத உங்க மாமியா சரியாவே பொறுக்கலன்னு மருமவ சொன்னா. நான் பொறுக்கிச் சுத்தம் பண்ணி அனுப்பறேன்."

உள்ளே என் மனைவி சிரிப்பது கேட்டது. மண்டிக்கு எதிர் டீக்கடையில் லாரி நிற்கிறதா என்று பார்க்க அன்றைக்குக் கொஞ்சம் வேகமாகவே நடந்தேன்.